கையெழுத்துப் போடுமுன் குளியலறையைப் பாருங்கள்

(முதியோர் பராமரிப்பு குறித்துப் புந்தோங்கில் பதிவு செய்யப்பட்ட தொலைக்காட்சிக் கருத்தரங்கில் நிகழ்ச்சித் தொகுப்பாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



முதியோர் இல்லம் என்ற பேச்சை எடுத்தாலே நம்மவர்கள் இரண்டு அணியாகப் பிரிந்துவிடுவார்கள். பெற்ற தாயை இல்லத்தில் சேர்ப்பது பாவம் என்று ஓர் அணி. வேறு வழியில்லை என்று இன்னோர் அணி. பட்டிமன்றத்திற்கு நல்ல தலைப்புதான். ஆனால் இன்று நான் அந்தப் பட்டிமன்றத்திற்கு வரவில்லை. சேர்ப்பது என்று முடிவாகிவிட்ட குடும்பம், எந்த இல்லத்தில் சேர்ப்பது என்பதை எப்படித் தேர்ந்தெடுப்பது? இதைப்பற்றி நம்மிடையே யாரும் வாய்திறப்பதில்லை. பாவமா புண்ணியமா என்று பேசிப் பேசியே, பாதுகாப்பா இல்லையா என்று கேட்க மறந்துவிடுகிறோம்.

எங்கள் நிகழ்ச்சிக்கு வரும் அழைப்புகளை வைத்துச் சொல்கிறேன். கதை பெரும்பாலும் ஒன்றுதான். அப்பாவுக்குப் பக்கவாதம். அல்லது அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிவு. ஈப்போ பெரிய மருத்துவமனையில் சில நாட்கள். பிறகு, "நாளைக்கு டிஸ்சார்ஜ், அழைத்துப் போகலாம்" என்கிறார்கள். மகன் சிங்கப்பூரில், மகள் கோலாலம்பூரில். புந்தோங் வீட்டில் யாருமில்லை. யாரோ ஓர் எண்ணைக் கொடுக்கிறார்கள். அன்று மாலையே போய் முன்பணம் கட்டிவிடுகிறார்கள். ஒரு கைப்பேசி வாங்க நான்கு கடை ஏறி இறங்குகிற நாம், அம்மா மிச்சமுள்ள நாளெல்லாம் வாழப்போகிற இடத்தை அரை மணி நேரத்தில் முடிவு செய்கிறோம்.

இனி இது அதிகமாகும். 2030இல் நம் நாட்டு மக்கள் தொகையில் சுமார் 15 விழுக்காட்டினர் 60 வயதைக் கடந்தவர்களாக இருப்பார்கள் என்று கணித்திருக்கிறார்கள். முதியோர் விகிதம் அதிகமுள்ள மாநிலங்களில் நம் பேராக்கும் ஒன்று. பிள்ளைகள் வேலை தேடி வெளியூர் போன வீடுகள் இங்கே தெருவுக்குத் தெரு இருக்கின்றன. ஆகவே, நெருக்கடி வருமுன்பே இரண்டு மூன்று இல்லங்களைப் பார்த்து வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

கேமராவுக்கு முன்னால் எல்லா இல்லமும் அழகு

என் தொழிலில் கற்ற ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். நாங்கள் படப்பிடிப்புக்கு வருகிறோம் என்று முன்கூட்டியே சொன்னால் எந்த இடமும் பளிச்சென்று ஆகிவிடும். புது மெத்தை விரிப்பு, மேசையில் பூ, பாட்டிகளுக்கு நெற்றியில் திருநீறு. கேமராவை எங்கே வைக்க வேண்டும் என்று அவர்களே காட்டுவார்கள். காட்டாத பக்கத்தில்தான் கதை இருக்கும்.

நீங்கள் முன்கூட்டியே நேரம் சொல்லிவிட்டுப் போகும் முதல் வருகையும் அப்படித்தான். முதல் முறை சொல்லிவிட்டுப் போங்கள், அது மரியாதை. இரண்டாம் முறை சொல்லாமல் போங்கள், வேறு நேரத்தில். காலை பதினோரு மணிக்குப் போனவர் மாலை ஆறு மணிக்குப் போங்கள். சாப்பாட்டு நேரம் சிறந்தது. ஞாயிற்றுக்கிழமை அதைவிடச் சிறந்தது. வாரக் கடைசியில் ஆள் எத்தனை பேர் வேலையில் இருக்கிறார்கள் என்பது அப்போதுதான் தெரியும். குறித்த நேரத்துக்கு மேல் குடும்பத்தாரையே உள்ளே விடமாட்டோம் என்று கறாராகச் சொல்லும் இல்லமென்றால், ஏன் என்று கேளுங்கள். நோய்த்தொற்றுக் காலத்துக் கட்டுப்பாடு வேறு. எப்போதும் மூடிய கதவு வேறு.

பதிவு எங்கே, எந்தச் சட்டத்தின் கீழ்?

முதல் கேள்வி பதிவு. நான்கு பேருக்கு மேற்படாத சின்ன வீடுதானே என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். 1993ஆம் ஆண்டுப் பராமரிப்பு மையங்கள் சட்டம், அதாவது சட்டம் 506, நான்கு பேர் அல்லது அதற்கு மேற்பட்டோரைத் தங்கவைத்துப் பராமரிக்கும் எந்த இடமும் சமூக நல இலாகாவில் பதிவு பெற வேண்டும் என்கிறது. கட்டணம் வாங்கினாலும் சரி, இலவசமாக நடத்தினாலும் சரி. நான்காவது ஆள் வந்ததும் சட்டமும் வந்துவிடுகிறது. தரும காரியம், அறப்பணி என்று சொன்னாலும் விலக்கு இல்லை.

செவிலியர் கவனிப்பு தரும் நர்சிங் ஹோம் என்றால் வேறு சட்டம். 1998ஆம் ஆண்டுத் தனியார் சுகாதாரப் பராமரிப்பு வசதிகள், சேவைகள் சட்டம், அதாவது சட்டம் 586இன் கீழ் சுகாதார அமைச்சின் உரிமம் வேண்டும். தனியார் முதியோர் சுகாதாரப் பராமரிப்பு நிலையங்களுக்கென்றே சட்டம் 802 என்ற தனிச் சட்டமும் 2018இல் அரசிதழில் வெளியானது.

இத்தனை எண்களையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. "உங்கள் இல்லம் எந்த இலாகாவில் பதிவு? சான்றிதழைக் காட்டுங்கள்" என்று கேட்டால் போதும். சான்றிதழில் இல்லத்தின் முகவரி அதே முகவரிதானா, காலாவதியாகும் தேதி கடந்துவிட்டதா, எத்தனை பேருக்கு அனுமதி என்று பாருங்கள். பிறகு கட்டில்களை எண்ணுங்கள். இருபது பேருக்கு அனுமதி வாங்கிய இடத்தில் முப்பது கட்டில் கிடந்தால் மீதியை நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்று. உங்கள் அப்பாவுக்கு மூக்குவழிக் குழாயில் உணவு, சிறுநீர்க் குழாய், இன்சுலின் ஊசி என்று தேவை இருந்தால், உண்ணவும் உடுத்தவும் மட்டும் உதவும் இல்லம் அவருக்குப் போதாது. அங்கே பயிற்சி பெற்ற செவிலியர் உண்டா, எந்த வேளையில் இருப்பார் என்று கேட்டே ஆக வேண்டும். வெள்ளை உடுப்பு அணிந்தவரெல்லாம் செவிலியர் அல்லர்.

தீயும் கம்பிக் கதவும்

2017 செப்டம்பரில் கோலாலம்பூர் டத்தோ கிராமாட்டில் ஒரு சமயப் பள்ளி விடுதி தீப்பிடித்து 23 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் சிறுவர்கள். சன்னல்களில் கம்பி, வெளியேற வழியில்லை. ஓடக்கூடிய சிறுவர்களுக்கே அந்தக் கதி என்றால், எழுந்து நிற்கவும் முடியாத நம் தாத்தா பாட்டிகளை நினைத்துப் பாருங்கள்.

கனடாவின் கியூபெக் மாநிலத்தில் 2014 ஜனவரியில் ஒரு முதியோர் இல்லம் எரிந்து 32 பேர் இறந்தார்கள். அந்தக் கட்டடத்தின் பழைய பகுதியில் தானாக நீர் தெளிக்கும் கருவி இல்லை. அது பொருத்தப்பட்டிருந்த புதிய பகுதி தப்பியது. அந்தக் கருவி எவ்வளவு முக்கியம் என்பதை அந்தத் தீ காட்டியது.

நம் ஊரில் பல இல்லங்கள் வீட்டுமனை வீடுகளில் நடக்கின்றன. இரண்டு வீட்டை இணைத்து, சன்னலுக்கெல்லாம் கிரில் போட்டு, வாசலுக்குப் பூட்டு. திருடனுக்குப் போட்ட கம்பி தீயில் எமனாகிவிடும். ஆகவே கேளுங்கள்: இரண்டாவது வெளிவழி எங்கே? சாவி யாரிடம், இரவில் எங்கே தொங்கும்? தீயணைப்புக் கருவியில் காலாவதித் தேதி என்ன? படுத்த படுக்கையானவர்கள் மாடியிலா, கீழ்த்தளத்திலா? மாடி என்றால், மின்தூக்கி நின்றுபோனால் எப்படி இறக்குவீர்கள்? பூட்டைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். சாவியைத் தேட ஐந்து நிமிடம் ஆனால் அந்த ஐந்து நிமிடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

குளியலறை, குதிகால், மருந்துப் பெட்டி

வரவேற்பறையில் உங்களுக்கு மைலோ கலக்கிக் கொடுப்பார்கள். நன்றி சொல்லிவிட்டு, "குளியலறைக்குப் போகலாமா?" என்று கேளுங்கள். உள்ளே போய்ப் பாருங்கள். தரை வழுக்குகிறதா? கழிவறைப் பக்கத்திலும் குளிக்கும் இடத்திலும் பிடித்துக்கொள்ளக் கம்பி உண்டா? அந்தக் கம்பியைப் பிடித்து இழுத்துப் பாருங்கள், ஆடுகிறதா? வாசலில் கால் தடுக்கும் மேடு இருக்கிறதா? இரவு விளக்கு உண்டா? முதியவர் அவசரமாகக் கழிவறைக்குப் போகும்போது விழுவது உண்டு. கூப்பிட மணி இருந்தால் அழுத்திப் பாருங்கள். யார் வருகிறார், எவ்வளவு நேரத்தில் வருகிறார் என்று பாருங்கள்.

அடுத்தது படுக்கைப் புண். தானாகப் புரண்டு படுக்க முடியாதவரை ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். இரவிலும் அப்படித்தான். செய்யாவிட்டால் இடுப்பின் அடிப்பகுதி, குதிகால், தொடையின் பக்கவாட்டு எலும்பு ஆகிய இடங்களில் புண் வரும். அது எலும்புவரை போகும்; சீழ் இரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து. தோல் சிவந்தால் கவனி என்று புத்தகத்தில் எழுதியிருப்பார்கள். நம் கறுத்த தோலில் சிவப்பு தெரியாது. சுற்றியுள்ள இடத்தைவிடக் கருமையாகவோ ஊதாவாகவோ தெரிகிறதா, தொட்டால் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். "திருப்பிப் படுக்கவைக்கும் நேரத்தை எழுதி வைக்கிறீர்களா? அந்தத் தாளைப் பார்க்கலாமா?" என்று கேளுங்கள். ஒழுங்காகச் செய்கிறவர்கள் பெருமையாகக் காட்டுவார்கள்.

மருந்து. ஒவ்வொருவர் பெயரிலும் தனிப்பெட்டி இருக்கிறதா? கொடுத்தவர் கையெழுத்துப் போடும் தாள் உண்டா? இன்சுலின் குளிர்சாதனப் பெட்டியில் இருக்கிறதா? நீரிழிவு நம் வீடுகளில் சொந்தக்காரன் மாதிரி. ஒருவேளை சாப்பாடு தவறி ஊசி மட்டும் போட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். பகல் இரண்டு மணிக்குப் போகும்போது எல்லாருமே அசந்து தூங்கிக்கொண்டிருந்தால், என்ன மருந்து கொடுக்கிறீர்கள், எந்த மருத்துவர் எழுதினார் என்று தயங்காமல் கேளுங்கள்.

கட்டிலோடும் நாற்காலியோடும் கட்டிவைப்பது பற்றியும் கேட்க வேண்டும். விழாமல் இருக்கத்தான் கட்டுகிறோம் என்பார்கள். எப்போது, எவ்வளவு நேரம், யார் அனுமதியோடு என்பதற்குத் தெளிவான பதில் வேண்டும். ஆஸ்திரேலியாவில் முதியோர் பராமரிப்பை ஆராய 2018இல் அரச விசாரணை ஆணையம் அமைத்தார்கள். 2019இல் வந்த அதன் இடைக்கால அறிக்கையின் தலைப்பு ஒரே சொல்: புறக்கணிப்பு. 2021இல் 148 பரிந்துரைகளோடு இறுதி அறிக்கை வந்தது. உணவு, மறதி நோயாளர் கவனிப்பு, கட்டிவைத்தல், இறுதிக்கால நோய்த்தணிப்பு ஆகிய நான்கையும் உடனே கவனிக்க வேண்டியவை என்று சுட்டிக்காட்டினார்கள். பணக்கார நாட்டிலேயே இந்த நிலை என்றால், நாம் கேட்பதற்கு வெட்கப்படத் தேவையில்லை.

வலியை எந்த மொழியில் சொல்வார்?

இது நம் சமுதாயத்திற்கே உரிய கேள்வி. தோட்டத்தில் பால்மரம் வெட்டி, தோட்டம் துண்டாடப்பட்டதும் விற்கப்பட்டதும் பட்டணத்துக்கு வந்து, புந்தோங்கிலும் சிலிபினிலும் மெங்லெம்புவிலும் குடியேறியவர்கள் நம் முதியவர்கள். சந்தை மலாய் பேசுவார்கள். ஆனால் மறதி நோய் வந்துவிட்டால் பிற்காலத்தில் கற்ற மொழி முதலில் போய்விடுவது வழக்கம். தாய்மொழிதான் கடைசிவரை நிற்கும். "நெஞ்சை அடைக்குது" என்று பாட்டி சொல்வதை, அக்கரையிலிருந்து பிழைக்க வந்த பணிப்பெண் புன்னகையோடு கேட்டுவிட்டுப் போகிறாள். அவள் மேல் தவறில்லை. அவளுக்குப் புரியவில்லை.

ஆகவே, தமிழ் தெரிந்தவர் எந்த வேளையில் வேலையில் இருப்பார் என்று கேளுங்கள். இல்லையென்றால் நீங்களே ஒரு தாள் எழுதிக் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். தண்ணீர், வலி, மூச்சு, குளிர், பசி, ஒன்றுக்கு, இரண்டுக்கு என்று பத்துச் சொற்கள். பாட்டி சொல்லும் சொல் ஒரு பக்கம், மலாய்ப் பொருள் மறுபக்கம். ஒரு காசு செலவில்லை.

உணவும் அப்படியே. மாட்டிறைச்சி உண்ணாதவர், வெள்ளிக்கிழமை சைவம், புரட்டாசி விரதம் என்பதையெல்லாம் சேர்க்கும்போதே எழுதிக் கொடுங்கள். சாப்பாட்டு நேரத்தில் போனால் தட்டைப் பாருங்கள். மிச்சம் எவ்வளவு? ஊட்டிவிடுகிறவர் உட்கார்ந்து ஊட்டுகிறாரா, நின்றுகொண்டே அவசரமாகத் திணிக்கிறாரா? பக்கவாதம் வந்தவருக்குப் படுத்த நிலையில் ஊட்டினால் உணவு நுரையீரலுக்குள் போய்விடும். மாதம் ஒருமுறை எடை பார்த்து எழுதுகிறார்களா என்றும் கேளுங்கள். மெலிந்துகொண்டே போகிறவரைப் பற்றி முதலில் எடைத் தாள்தான் பேசும்.

கட்டணமும் கையெழுத்தும்

கட்டணம் எவ்வளவு என்று மட்டும் கேட்காதீர்கள். அதில் எது அடங்கவில்லை என்று கேளுங்கள். பெம்பர்ஸ், பால்மாவு, புண்ணுக்கு மருந்து கட்டுவது, மருத்துவமனைக்குக் கூட்டிப்போகும் வண்டிச் செலவு, உடன் வரும் ஆளுக்குக் கூலி என்று மாதக் கடைசியில் பில் நீளும். எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள். இரவு இரண்டு மணிக்கு உடம்புக்கு முடியாமல் போனால் முதலில் அவசர வண்டியைக் கூப்பிடுவீர்களா, என்னையா? மருத்துவமனையில் தங்கியிருக்கும் நாட்களுக்குக் கட்டணம் உண்டா? இறந்துவிட்டால் முன்பணம் திரும்பக் கிடைக்குமா? கேட்க மனம் கூசும் கேள்விதான். கையெழுத்துக்குப் பிறகு கேட்டால் இன்னும் கூசும்.

அம்மாவின் வங்கி அட்டையையும் ரகசிய எண்ணையும் யாரிடமும் கொடுக்காதீர்கள். ஊழியர் சேமநிதி, சொக்சோ, நிலப்பட்டா தொடர்பான எந்தத் தாளிலும் குடும்பத்தார் இல்லாமல் பெருவிரல் ரேகை வைக்கக்கூடாது என்று முதல் நாளே சொல்லிவையுங்கள்.

தனியார் கட்டணம் கட்ட வழியில்லாதவர்கள் மனம் தளர வேண்டாம். வாரிசோ வருமானமோ இல்லாத, தம்மைத் தாமே கவனித்துக்கொள்ளக்கூடிய 60 வயதைக் கடந்தவர்களுக்கு ருமா ஸ்ரீ கெனாங்கான் என்ற இல்லங்களை அரசாங்கம் நடத்துகிறது. ஈப்போவுக்குப் பக்கத்தில் தஞ்சோங் ரம்புத்தானில் ஒன்று உண்டு. நோயால் படுக்கையில் கிடக்கும் ஆதரவற்றவர்களுக்கு ருமா ஏசான் உண்டு. சமூக நல இலாகாவில் விண்ணப்பிக்க வேண்டும்.

சேர்த்த பிறகுதான் வேலை ஆரம்பம்

சிங்கப்பூரில் 2011இல் ஒரு பராமரிப்பு இல்லத்தில் மூதாட்டி ஒருவர் நடத்தப்பட்ட விதம் ரகசியமாகப் படமெடுக்கப்பட்டுத் தொலைக்காட்சிச் செய்தியில் வெளியானது. சுகாதார அமைச்சு விசாரித்து, புதியவர்களைச் சேர்க்க அந்த இல்லத்துக்குத் தடை விதித்தது. கண்டிப்புக்குப் பெயர்போன நாடு. அங்கேயும் அந்தக் கட்டிலருகே நடந்தது வெளியே தெரிய ஒரு படம் தேவைப்பட்டது.

உரிமம் கொடுக்கும் அதிகாரி எப்போதாவது வருவார். குடும்பம் வாராவாரம் போகலாம். போகும்போது ஒரே நேரத்தில் போகாதீர்கள். அண்ணன் தம்பி அக்காள் தங்கை முறை வைத்துக்கொள்ளுங்கள். வெளியூரில் இருப்பவர் அக்கம்பக்கத்தாரையோ கோயில் நண்பரையோ போகச் சொல்லலாம். கட்டிலருகே ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். போகிறவர் தேதியிட்டுக் கண்டதை எழுதட்டும். அம்மாவோடு பத்து நிமிடம் தனியாகப் பேசுங்கள். கையைப் பிடித்துக்கொண்டே மணிக்கட்டைப் பாருங்கள். போர்வையை ஒதுக்கிக் குதிகாலைப் பாருங்கள். வழக்கமாகப் பேசுகிறவர் பணியாளர் வந்ததும் வாயடைத்துப் போகிறாரா என்று கவனியுங்கள்.

பிள்ளைகள் அடிக்கடி வந்து போகும் கட்டிலுக்குத் தனிக் கவனிப்பு கிடைக்கும். இது மனித சுபாவம். யாரும் வராத பக்கத்துக் கட்டில் பாட்டிக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள்.

குறை கண்டால் முதலில் இல்லத்தின் பொறுப்பாளரிடம் தேதியோடு எழுத்தில் சொல்லுங்கள். நல்ல இல்லம் திருத்திக்கொள்ளும். கொடுமை என்று சந்தேகம் வந்தால் காத்திருக்காதீர்கள். படமெடுத்து வையுங்கள், மருத்துவரிடம் காட்டுங்கள், போலீசில் புகார் செய்யுங்கள். 15999 என்ற தாலியான் காசே எண் 24 மணி நேரமும் இயங்குகிறது. பயந்தால் அம்மாவைத்தான் பழிவாங்குவார்கள் என்று சிலர் வாய்மூடி இருக்கிறார்கள். அப்படி ஒரு பயம் வருமானால், அந்த இடத்தை மாற்றுவதற்கு அதைவிடப் பெரிய காரணம் வேண்டாம்.

நேயர்களே, இங்கே அமர்ந்திருக்கும் பெரியவர்களில் பலர் தோட்டத்து ஆயக்கொட்டகையில் வளர்ந்தவர்கள். விடியுமுன் உங்களை அங்கே விட்டுவிட்டு உங்கள் தாய் பால்வெட்டப் போனாள். அதை யாரும் கைவிட்டதாகச் சொல்லவில்லை. ஆனால், ஆயா யார், பிள்ளைக்குப் பால் கொடுத்தாளா, தொட்டில் கயிறு உறுதியா என்று அவள் கேட்காத நாள் இல்லை. வேலை முடிந்ததும் முதலில் உங்களைத் தூக்கி உடம்பைத் தடவிப் பார்த்தாள். அன்று அவள் கேட்ட கேள்விகளை இன்று அவளுக்காக நாம் கேட்கிறோம். இல்லத்தில் சேர்த்ததற்காக யாரும் குனிந்து நிற்க வேண்டாம். கேட்காமல் சேர்ப்பதுதான் தவறு. சேர்த்துவிட்டு எட்டிப் பார்க்காமல் இருப்பது அதைவிடப் பெரிய தவறு.

இந்த வாரக் கடைசியில், தேவை வருமுன்பே, உங்கள் வட்டாரத்தில் ஓர் இல்லத்தையாவது போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு போங்கள். பழத்தைக் கொடுத்துவிட்டு, குளியலறை எங்கே என்று கேளுங்கள்.